நாற்பத்தொரு குறையுள்ள வீடு

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது நான் ஒரு வீர முடிவுக்கு வந்தேன். என் மனைவியிடம் ‘முடியாது’ என்று சொல்லிவிடுவது. கண்ணாடியைப் பார்த்து இரண்டு தடவை சொல்லியும் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது. வாய் நிறைய நுரை இருந்ததால் கொஞ்சம் குழறியது, அவ்வளவுதான். கொப்பளித்துவிட்டு நேராகச் சமையலறைக்குப் போனேன்.

“என்னங்க?” என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமலே.

“ஒண்ணுமில்லையே,” என்றேன்.

முடிவில் மாற்றமில்லை. சொல்வதை மட்டும் ஒத்திவைத்தேன்.

விஷயம் இதுதான். நாங்கள் குடியிருப்பது வாடகை வீடு. கடலிலிருந்து மூன்றாவது தெரு. எட்டு மாதத்துக்கு முன்னால், ஒரு மத்தியானம், சரியாகச் சாப்பாட்டு நேரத்தில் புயல் வந்தது. எங்கள் கூரையைப் பார்த்து ‘ஓடு!’ என்று ஓர் அதட்டல் போட்டது. கூரையிலிருந்த ஓடெல்லாம் ஓடிவிட்டது. நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். பிழைப்பதற்காகப் பிழை பார்ப்பவன். ஒரு பெயர்ச்சொல் கண்ணெதிரே வினைச்சொல்லாக மாறியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். நானும் அவளும் அவளுடைய துணி வெட்டும் மேஜைக்கு அடியில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அவளுடைய இரண்டு கையையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“ஒரு கையையாவது விடுங்க,” என்றாள்.

விட்டேன். ஒற்றைக் கையாலேயே, மடியில் கிடந்த பள்ளிக்கூடச் சட்டைக்குப் பொத்தான் தைக்க ஆரம்பித்தாள். புயல் ஓய்ந்தபோது சட்டை தயார். நான்தான் தயாராக இல்லை.

அதன் பிறகு தெருவில் பாதிப் பேர் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். நாங்கள் போகவில்லை. முன்னறைதான் அவளுடைய தையல் கடை. இரண்டு மெஷின், இரண்டு பள்ளிக்கூடத்துச் சீருடை. இந்தத் தெருவை விட்டால் பள்ளிக்கூடமும் கையை விட்டுப் போகும். கூரைக்கு நீலத் தார்ப்பாய் கட்டிக்கொண்டு இருந்தோம். மாதா மாதம் வாடகை வாங்க வரும் வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்து, “அடுத்த மாசம் ஓடு போட்டுடலாம்” என்பார். எட்டு அடுத்த மாசம் ஆயிற்று. ஒன்பதாவது மாதம் ஓட்டுக்குப் பதிலாக ஒரு குண்டைப் போட்டார்.

“வீட்டை விக்கப் போறேன். இருபது லட்சம். நீங்க வாங்கிக்கிட்டா சந்தோஷம். வேற யாராவது வாங்கினா நீங்க காலி பண்ண வேண்டியிருக்கும்.”

நான் சாமான் கட்ட அட்டைப் பெட்டி தேட ஆரம்பித்தேன். அவள் யோசிக்கவே இல்லை.

“நாமளே வாங்கிடலாம்,” என்றாள்.

“எதை வச்சு?”

“கடனை வச்சு. புயல் அடிச்ச தெருவுக்குன்னு பேங்க்ல தனியா வீட்டுக் கடன் தர்றாங்க. வட்டி பாதிதான். பதினஞ்சு வருஷத்துல கட்டிடலாம்.”

“பதினஞ்சு வருஷம் கழிச்சு எனக்கு அறுபத்திரெண்டு வயசு!”

“கடன் வாங்கலேன்னா அறுபத்திரெண்டு ஆகாதா?”

“இதோ பாரு, கடனுக்கும் கடலுக்கும் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். இறங்கினா கரையேறுறது கஷ்டம்.”

“உங்களுக்குத்தான் நீச்சல் தெரியாதே. நீங்க கரையில நின்னு செருப்பைப் பாத்துக்குங்க. நான் இறங்கறேன்.”

மறுநாளே பேங்குக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போனாள். அழைத்துக்கொண்டு போனாள் என்பது மரியாதைக்காகச் சொல்வது. கடன் பிரிவு மேலாளர் ஒரு நடுத்தர வயது அம்மா. மூக்குக் கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை, கீழே ஒரு பார்வை.

“வீட்டுக்காரர் சம்மதிச்சுட்டாரா?” என்று கேட்டார்.

“எந்த வீட்டுக்காரர் மேடம்?” என்றாள் என் மனைவி. “வீட்டுச் சொந்தக்காரரா, இவரா?”

“ரெண்டு பேரும்தான்.”

“ரெண்டு பேரும் சம்மதிச்சுடுவாங்க. கொஞ்சம் டைம் குடுங்க.”

மேலாளர் விளக்கினார். பேங்கிலிருந்து மதிப்பீட்டாளர் ஒருவர் வருவார். வீட்டைச் சுற்றிப் பார்த்து, இன்ன விலை பெறும் என்று எழுதிக் கொடுப்பார். அந்த மதிப்பில் பத்தில் ஒன்பது பங்கு கடன். மிச்சம் எங்கள் கைக்காசு. அந்த வீட்டில் என்னை மதிக்கவே ஆள் இல்லை. வீட்டை மதிக்க ஒரு ஆள் வருகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மனசுக்குள் கணக்குப் போட்டேன். இருபது லட்சத்துக்குக் கடன் வாங்கினால் மாதத் தவணை எங்கள் வாடகையைப் போல இரண்டு மடங்கு. அப்போதுதான் அந்த வெள்ளிக்கிழமை முடிவு. அது சமையலறை வாசலில் என்ன கதிக்கு ஆளானது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டு மோட்டார் அண்ணன் வந்து மதில் மேல் கையை ஊன்றி நின்றார். தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்பவர். அவரும் வாடகை வீடுதான். அவருடைய வீட்டுக்காரரும் விற்கிறேன் என்று நிற்கிறார்.

“கடன் வாங்கறீங்களாமே தம்பி?”

“அவ வாங்கறா.”

“எங்க மச்சானும் கேட்டான். கிடைக்கல. மதிப்பீட்டுக்காரர் வந்தார், சுவத்துல ஒரு விரிசலைப் பாத்தார். அவ்வளவுதான், மதிப்பை அடிச்சுட்டுப் போயிட்டார். கேட்ட பணத்துல பாதிகூடத் தேறல.”

“ஒரே ஒரு விரிசலா?”

“ஒரே ஒரு விரிசல்.”

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எங்கள் வீட்டில் எத்தனை விரிசல்! நான் ‘முடியாது’ என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. பேங்கே சொல்லிவிடும். அவள் என்மேல் கோபப்பட மாட்டாள். நானும் சேர்ந்து வருத்தப்படலாம். வேண்டுமானால் அழக்கூட அழலாம்.

இதற்கு நடுவே அவளே வந்து வலையில் விழுந்தாள்.

“ஏங்க, செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு மதிப்பீட்டுக்காரர் வர்றாராம். எனக்குப் பள்ளிக்கூடத்துல சீருடை குடுக்கற வேலை இருக்கு. நீங்க லீவு போட்டு வீட்ல இருங்களேன்.”

“நானா?” என்றேன், எவ்வளவு முடியுமோ அவ்வளவு அலுத்துக்கொண்டு. “சரி, என்ன செய்யறது.”

ஞாயிற்றுக்கிழமை அவள் மெஷினில் உட்கார்ந்த நேரம் பார்த்து வேலையை ஆரம்பித்தேன். முப்பது வருஷமாக அடுத்தவர் எழுத்தில் குறை கண்டுபிடித்த கண் இது. கூரையில் தொடங்கினேன். கூரைக்கும் குறைக்கும் உச்சரிப்பில்கூட அதிக தூரமில்லை. ஓடு இல்லை. உத்தரத்தில் கரையான். கூடத்துச் சுவரில் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் நின்ற கோடு. குளியலறைக் கதவு சாத்தினால் திறக்காது, திறந்தால் சாத்தாது. படுக்கையறைத் தரை ஒரு பக்கம் சாய்வு. பென்சிலை வைத்தால் தானே உருண்டு வாசலுக்குப் போகும். இப்படி நாற்பத்தொன்று. மூன்று தாளில் எண் போட்டு எழுதி, பெரிய அகராதிக்குள் வைத்துப் பையில் மறைத்தேன். அந்த அகராதியை இந்த வீட்டில் என்னைத் தவிர யாரும் தொட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை பத்தரைக்கு அவள் துணி மூட்டையோடு கிளம்பினாள். பதினோரு மணிக்கு மதிப்பீட்டாளர் வந்தார். ஒல்லியான மனிதர். கையில் அளவு நாடா, டார்ச், சுவரில் வைத்தால் ஈரம் காட்டும் ஒரு கருவி.

“வீடு நல்லாத்தான் இருக்கு போல,” என்றார் வாசலில் நின்றபடி.

“ஐயையோ, யார் சொன்னது?” என்றேன். “உள்ள வாங்க சார்!”

இரண்டு மணி நேரம். அவர் கையைப் பிடித்து இழுக்காத குறையாக வீடு முழுக்கச் சுற்றிக் காட்டினேன். ஏணி போட்டு ஏற்றினேன். பென்சிலை உருட்டிக் காட்டினேன். பென்சில் அன்றைக்கு ஏனோ கொஞ்சம் தயங்கியது. காலால் லேசாக ஒரு தட்டுத் தட்டினேன். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

“இத்தனை வருஷ சர்வீஸ்ல உங்களை மாதிரி ஒரு மனுஷரை நான் பாத்ததில்ல. எல்லாரும் விரிசல் மேல காலண்டரை மாட்டி மறைப்பாங்க. நீங்க காலண்டரைத் தூக்கிட்டுக் காட்டறீங்க!”

“நேர்மைதான் சார் முக்கியம்,” என்றேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. கரையான் தூசியாகவும் இருக்கலாம். கிளம்பும்போது, மறந்துவிடப் போகிறாரே என்று அகராதியைத் திறந்து மூன்று தாளையும் எடுத்து அப்படியே அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

ஒரு வாரத்தில் அறிக்கை வந்தது. வீட்டின் மதிப்பு பன்னிரண்டு லட்சம். வீட்டுக்காரர் கேட்பது இருபது. கடனாகக் கிடைக்கும் பத்து லட்சத்துச் சொச்சமும், அவள் சீருடை தைத்துச் சேர்த்த இரண்டு லட்சமும் போக, நடுவில் ஏழு லட்சத்துக்கு மேலே பள்ளம். அந்தப் பள்ளத்தைப் பார்த்து எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே! முகத்தை மட்டும் தொங்கப் போட்டுக்கொண்டேன்.

“போச்சே!” என்றேன். “நமக்கு அதிர்ஷ்டம் இல்லம்மா. மனசைத் தேத்திக்கோ.”

அவள் அறிக்கையைக் கடைசிப் பக்கம்வரை படித்தாள். மடித்தாள். “தேத்திக்கறேன்,” என்றாள்.

இவ்வளவு சுலபமாகவா என்று நினைத்தேன். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

ஒன்றாம் தேதி வாடகைக்கு வீட்டுக்காரர் வந்தார். அவரை உட்காரவைத்து, டீ கொடுத்து, கூடவே அறிக்கையையும் கொடுத்தாள். அவர் முதல் பக்கத்தில் டீயைக் குடித்தார். இரண்டாம் பக்கத்தில் டீயைக் கீழே வைத்தார். மூன்றாம் பக்கத்தில் தார்ப்பாயைப் பார்த்தார்.

“என்னம்மா இது, வீட்டைப் பத்தி எழுதியிருக்கானா, இடிஞ்சு போன கோட்டையைப் பத்தியா? நான்தான் போன்லயே சொன்னேனே, மதிப்பீட்டுக்காரர்கிட்ட வாயைத் திறக்காதேன்னு!”

“சத்தியமா நான் ஒரு வார்த்தை பேசலைங்க. உங்களுக்கு வாக்குக் குடுத்தேன். அதுக்காகவே அன்னைக்கு நான் வீட்லயே இல்ல.”

“அப்ப யாரு பேசினது?”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் பென்சில் உருண்டு போகும் திசையில் நானும் போய்விடலாமா என்று பார்த்தேன்.

“அவர் பொய் பேச மாட்டாருங்க,” என்றாள் என் மனைவி. “தொழில் அப்படி. இனிமே இருபது லட்சம்னு சொல்லி யார்கிட்ட விப்பீங்க? வாங்க வர்றவங்களும் இதே பேங்க்குக்குத்தான் போகணும். பேங்க்கும் இதே காகிதத்தைத்தான் எடுக்கும்.”

“அதுக்காக...”

“ஒன்பது மாசமா இந்தத் தார்ப்பாய்க்கு அடியில நின்னு வாடகை தவறாம குடுத்திருக்கோம். பேங்க்காரங்க பன்னிரண்டுன்னு போட்டிருக்காங்க. நான் பன்னிரண்டரை தர்றேன். அந்த அரை லட்சம் உங்க மனசுக்காக.”

வீட்டுக்காரர் மீதி டீயைக் குடித்தார். “வெளியூர்ல இருக்கற என் பொண்ணு வேற, அங்கேயே வந்து இருந்துடுங்கப்பான்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கா,” என்றார். “உன்கிட்ட வீடு போனா வீடாவாவது இருக்கும். சரி, எடுத்துக்கோ.”

போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். ஆறுதலுக்கா, கோபத்துக்கா என்று இன்றுவரை தெரியவில்லை. தோள் இரண்டு நாள் வலித்தது.

நான் கதவைச் சாத்தினேன். பன்னிரண்டரைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாதத் தவணை வாடகையைவிட முந்நூறுதான் அதிகம். கோபப்படக்கூட வழியில்லாமல் பண்ணிவிட்டாள்.

“திட்டம் போட்டுத்தான் என்னை லீவு போடச் சொன்னியா?”

“இருபது லட்சத்துக்கு நாம வாங்க முடியாதுன்னு எனக்கும் தெரியும்ங்க. விலை குறையணும்னா யாராவது குறை சொல்லணும். நான் சொல்லக் கூடாதுன்னு வாக்குக் குடுத்துட்டேன். இந்தத் தெருவுல குறை சொல்றதுல உங்களை அடிச்சுக்க ஆள் உண்டா?”

“நான் சொல்லுவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“அகராதியைத் துடைச்சு வச்சேன்,” என்றாள்.

கையெழுத்துப் போடும் நாள் வந்தது. பேங்க் மேலாளர் தாள்களை அடுக்கினார். எங்கள் இருவர் பெயரும் இருந்தது. முதலில் அவள் பெயர், அடுத்து என் பெயர். வரிசை சரியாகத்தான் இருந்தது, திருத்த ஒன்றுமில்லை.

“இன்னொரு நல்ல விஷயம்,” என்றார் மேலாளர். “புயலால வந்த பழுது ஒவ்வொண்ணுக்கும் அரசாங்க உதவித்தொகை உண்டு. திருப்பிக் கட்ட வேண்டாம். ஆனா மதிப்பீட்டு அறிக்கையில பதிவாகியிருக்கணும். பல பேருக்கு ரெண்டு, மூணுதான் பதிவாகியிருக்கு. உங்களுக்கு நாப்பத்திரெண்டு! கூரை, உத்தரம், கதவு, தரை எல்லாத்துக்கும் வரும்.”

“நாப்பத்தொண்ணு,” என்று திருத்தினேன். பழக்க தோஷம்.

“நாப்பத்திரெண்டு சார். அலமாரிக்குப் பின்னால சுவர் உப்பியிருக்குன்னு கடைசியில இருக்கே. அதுகூடப் பரவாயில்ல. நாப்பத்தி மூணாவது ஒண்ணு எழுதியிருந்தீங்க. அதைத்தான் மதிப்பீட்டாளர் அடிச்சுட்டார். எங்கே தேடியும் அப்படி ஒரு தூணே இல்லையாமே?”

“தூணா?”

மேலாளர் என்னுடைய மூன்றாவது தாளை எடுத்துக் காட்டினார். என் நாற்பத்தொன்றுக்குக் கீழே, துணியில் அளவு குறிக்கும் அவளுடைய சின்ன எழுத்தில், இரண்டு வரிகள் கூடுதலாக இருந்தன. முப்பது வருஷம் பிழை திருத்தியவன், கடைசித் தாளை ஒரு தடவை பார்க்காமலே கொடுத்திருக்கிறேன். இரண்டாவது வரியைப் படித்தேன்.

‘43. கூடத்தில் ஒரு பழைய தூண் உள்ளது. காற்று அடித்தாலும் அடிக்காவிட்டாலும் முனகிக்கொண்டே இருக்கும். ஆனால் அதை எடுத்துவிட்டால் வீடு நிற்காது.’

எங்கள் கூடத்தில் இருப்பது ஒரு நாற்காலி. அதில் பேப்பரோடு உட்கார்ந்திருப்பவன் நான். வேறு தூண் கிடையாது.

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் பேனாவை எடுத்தாள். அப்போதுதான் கவனித்தேன், மூடியைக் கழற்றாமலே கையெழுத்துப் போடப் பார்த்தாள். புயலில் ஒற்றைக் கையால் பொத்தான் தைத்த கை.

“பயமா இருக்கா?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“இல்லாம இருக்குமா? பதினஞ்சு வருஷமாச்சே,” என்றாள். “வீட்ல பயப்படறதுக்குத்தான் நீங்க ஒருத்தர் இருக்கீங்களே. ரெண்டு பேரும் உக்காந்து பயந்தா வேலையை யார் பாக்கறது? அதான் நான் வெளிய காட்டிக்கறதில்ல.”

அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

“விடுங்க,” என்றாள், “கையெழுத்துப் போடணும்.”

போட்டாள். நானும் போட்டேன். என் கையெழுத்தில் ஓர் எழுத்து விட்டுப்போய், மறுபடியும் போடவேண்டியதாகிவிட்டது.

அடுத்த மாதமே நிஜமாக ஓடு வந்தது. தார்ப்பாயை அவிழ்த்தபோது கூடத்தில் விழுந்த வெளிச்சம் நீலமாக இல்லாததால் இரண்டு பேருக்குமே யாரோ ஒருவர் வீட்டுக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்தது. குளியலறைக் கதவு திறந்தது, சாத்தியது. திறந்து திறந்து சாத்தி, நானே அதை மறுபடியும் கெடுத்துவிடப் பார்த்தேன். சொந்த வீடு. அகராதி ‘வீடு’ என்பதற்கு விடுதலை என்றும் பொருள் சொல்கிறது. எனக்கும் விடுதலை கிடைத்துவிட்டது என்று நம்பினேன்.

சனிக்கிழமை மோட்டார் அண்ணன் மதிலுக்கு அப்பாலிருந்து கூப்பிட்டார்.

“தம்பி, நாளைக்கு எத்தனை மணிக்கு வர்றீங்க?”

“எங்கே?”

“எங்க வீட்டுக்குத்தான். குறை எழுதிக் குடுக்க. எங்க வீட்ல முடிச்சுட்டு வரிசையா கடைசி வீடு வரைக்கும் வர்றீங்களாமே? தங்கச்சி சொல்லுச்சு. எல்லாரும் கடனுக்கு எழுதிக் குடுத்துட்டாங்க.”

ரத்தம் தலைக்கு ஏறியது. ஒரு மனிதன் ஞாயிற்றுக்கிழமையில்கூட ஓய்வாக இருக்கக் கூடாதா? விறுவிறுவென்று முன்னறைக்குப் போனேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் சத்தத்தைவிடச் சத்தமாகப் பேசினேன்.

“இதோ பாரு! ஏணியைத் தூக்கிக்கிட்டு வீடு வீடாப் போற வேலை என்கிட்ட வேண்டாம். எவ்வளவு சொன்னாலும் நான் எந்த வீட்டுக்கும் போறதா இல்ல!”

மெஷின் நின்றது. அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“சரிங்க, போக வேண்டாம்,” என்றாள்.

என் காதை என்னால் நம்ப முடியவில்லை. பத்தொன்பது வருஷத்தில் முதல் வெற்றி! அன்று முழுவதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தேன். அவளாகவே எனக்கு இரண்டாவது டீயும் போட்டுக் கொடுத்தாள். மறுநாள் காலை காலை நீட்டி உட்கார்ந்து பேப்பரை விரித்தேன். வாசலில் ஏதோ கடகடவென்று இழுபடும் சத்தம். எழுந்து போய்க் கதவைத் திறந்தேன்.

தெருவே நின்றிருந்தது. ஒவ்வொருவர் கையிலும் அவரவர் வீட்டு போட்டோக்கள், வெள்ளைத் தாள், பேனா. எங்கள் வீட்டில் உட்கார இடம் போதாது என்று ஆளுக்கொரு நாற்காலியும் இழுத்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

“தங்கச்சி போன வாரமே சொல்லிடுச்சு தம்பி,” என்றார் முன்னால் நின்ற மோட்டார் அண்ணன், “நீங்க எங்கேயும் வர மாட்டேன்னு சொல்லுவீங்களாம், அப்படிச் சொல்லிட்டா எங்களை இங்க வந்துடச் சொல்லிச்சு.”